கடைசி அணி யாருடையது? பேஸ்போல், கிரிக்கெட், மலையகத் தொழில் வரலாறு: ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் பலர், தம் பெயரோடு எவரும் சேர்த்துச் சொல்லாத ஏதோவொரு சிறிய அணியில் ஆடியே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். வரலாறு எழுதுவோர் இதை வீழ்ச்சிக் கதையாகச் சொல்வது வழக்கம். அந்த வாசிப்பை இக்கட்டுரை மறுக்கிறது. கடைசி அணி என்பது வீரரின் தளர்ச்சியைக் காட்டுவதைவிட, அவருடைய உழைப்பு யார் கையில் இருந்தது என்பதைத் துல்லியமாகக் காட்டும் சான்று என்பதே இதன் வாதம். அமெரிக்க பேஸ்போல் வரலாறும், மகாதேவன் சதாசிவம், முத்தையா முரளிதரன் ஆகிய இருவரின் கிரிக்கெட் வாழ்வும் மலையகத் தோட்டத் தொழில் வரலாற்றின் பின்னணியில் இங்கு ஆராயப்படுகின்றன.

1. கேள்வி

பேப் ரூத் என்றதும் நியூயோர்க் யாங்கீஸ் அணியே நினைவுக்கு வரும். ஆனால் அவர் கடைசியாக ஆடியது பொஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு. வில்லி மேஸ் என்றால் ஜயன்ட்ஸ். அவர் ஓய்வு பெற்றதோ 1973இல் நியூயோர்க் மெட்ஸ் வீரராக. டை கொப் டெட்ரொயிட் நகரின் அடையாளமாக இருந்தவர். 1928இல் அவர் விடைபெற்றபோது பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியில் இருந்தார். நம் நாட்டில் முரளிதரன் என்றால் இலங்கை அணி. காலியில் 2010 ஜூலை 22ஆம் திகதி பிரக்யான் ஓஜாவின் விக்கெட்டோடு 800 டெஸ்ட் விக்கெட் என்ற எண்ணை எட்டியதுடன் அவருடைய கதை முடிந்துவிட்டதாகவே பலரும் பேசுகிறார்கள். அதன் பிறகு கொச்சி, குளோஸ்டர்ஷயர், வெலிங்டன், சிட்டகொங், மெல்போர்ன், ஜமெய்க்கா, பெங்களூர் என அவர் பந்து வீசிய ஊர்கள் அந்தக் கதைக்குள் வருவதில்லை.

மலையகத்தின் லிந்துலையிலிருந்து இந்தப் பொருளை அணுகுவதற்குக் காரணம் உண்டு. ஓர் உழைப்பாளி எங்கே வேலை செய்ய வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பவற்றை வேறொருவர் தீர்மானித்த வரலாறு எங்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதன்று. அந்த அனுபவத்தோடு படிக்கும்போது விளையாட்டு வீரர்களின் கடைசி ஆண்டுகள் வேறு விதமாகத் துலங்குகின்றன.

பேஸ்போல் இங்கு அதிகம் ஆடப்படுவதில்லை. எனினும் சித்திரைப் புத்தாண்டுக் காலத்து எல்லே விளையாட்டைக் கண்டவர்களுக்கு அதன் அடிப்படை எளிதில் பிடிபடும்: பந்தை ஓங்கி அடித்துவிட்டு, தளங்களைத் தொட்டுக்கொண்டு ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து ஆறுதலாகச் சுற்றி வருவதே ஹோம் ரன்.

2. உரிமையாளரின் காலம்

பேப் ரூத்தின் கடைசி அணியைத் தீர்மானித்தவை அவருடைய கால்களும் வயிறும் மட்டுமல்ல. யாங்கீஸ் அவரை 1935 பெப்ரவரியில் விடுவித்தது. பிரேவ்ஸ் உரிமையாளர் எமில் பக்ஸ் அவருக்குத் துணைத் தலைவர், உதவி மேலாளர் என்ற பட்டங்களைக் கொடுத்து அழைத்துக்கொண்டார். ஒரு நாள் அணியின் மேலாளராகலாம் என்பதே ரூத்தின் எதிர்பார்ப்பு. உரிமையாளருக்கு வேண்டியிருந்ததோ வெறிச்சோடிய இருக்கைகளை நிரப்ப ஒரு பெயர். அந்தப் பருவத்தில் பிரேவ்ஸ் 38 போட்டிகளில் வென்று 115 போட்டிகளில் தோற்றது. ரூத் 28 போட்டிகளோடு நிறுத்திக்கொண்டார். அடித்தவை 6 ஹோம் ரன்கள்.

அந்த ஆறில் மூன்று ஒரே நாளில் வந்தவை. 1935 மே 25, பிட்ஸ்பர்க் நகரின் போர்ப்ஸ் மைதானம். நாற்பது வயது ரூத் அன்று அடித்த மூன்றாவது பந்து வலப்புறப் பார்வையாளர் மாடத்தின் கூரையையும் தாண்டிப் போனது. அதுவே அவருடைய 714ஆவது, கடைசி ஹோம் ரன். சில நாட்களில் அவர் விலகினார். வீழ்ச்சிக் கதை எழுதுவோர் பிரேவ்ஸின் தோல்விகளை எண்ணுகிறார்கள். பிரியாவிடைக் கதை எழுதுவோர் அந்தக் கூரையைப் பாடுகிறார்கள். அவர் ஏன் அங்கே இருந்தார் என்ற கேள்வி இரு தரப்பிலும் விடுபட்டுப் போகிறது.

அதற்கு விடை பேஸ்போலின் ஒதுக்கீட்டு விதியில் இருக்கிறது. 1879இல் தொடங்கிய இந்த விதி படிப்படியாக எல்லா வீரர்களையும் கட்டியது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் வீரர் அதே கழகத்துக்கே உரியவர். கழகம் விரும்பினால் அவரை விற்கலாம், மாற்றலாம், கைவிடலாம். வீரர் விரும்பினால் ஆட்டத்தை விடலாம், அவ்வளவே. வீரரின் கடைசி அணி என்று நாம் எழுதுவது, அக்காலத்தைப் பொறுத்தவரை, கடைசி உரிமையாளர் யார் என்பதையே குறிக்கிறது.

இந்த விதியை எதிர்த்து நின்றவர் கேர்ட் பிளட். சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குப் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கறுப்பின வீரர். 1969இல் அவரைக் கேளாமலே பிலடெல்பியா அணிக்கு மாற்றினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி பேஸ்போல் ஆணையாளர் பொவி கூனுக்கு அவர் கடிதம் எழுதினார்: தான் வாங்கி விற்கும் பொருளல்ல, மற்ற கழகங்களோடும் பேசத் தனக்கு உரிமை உண்டு என்பது அதன் சாரம். 1970 பருவம் முழுவதும் ஆடாமல் வழக்கு நடத்தினார். 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இதற்கிடையில் 1971இல் வொஷிங்டன் செனட்டர்ஸ் அணிக்கு 13 போட்டிகள் ஆடிவிட்டு விலகியிருந்தார். அந்த அணியும் பருவம் முடிந்ததும் டெக்சாஸ் மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. 1975 டிசம்பர் 23ஆம் திகதி நடுவர் பீட்டர் சைட்ஸ் வேறு இரு வீரர்களின் வழக்கில் அளித்த தீர்ப்பே ஒதுக்கீட்டு விதியின் பிடியைத் தளர்த்தியது. பிளட் கேட்ட உரிமை வந்து சேர்ந்தபோது அதை அனுபவிக்க அவர் மைதானத்தில் இல்லை.

பிளட்டின் பதிவேட்டில் கடைசி வரியாக நிற்பது வொஷிங்டன், 13 போட்டிகள். அதை அவருடைய தளர்ச்சி என்று மட்டும் வாசிப்பவர் ஒரு தொழில் போராட்டத்தையே அழித்துவிடுகிறார்.

3. துண்டு முறையும் ஒதுக்கீட்டு விதியும்

மலையக வரலாறு படித்தவர்களுக்குத் துண்டு முறை தெரியும். தொழிலாளரைத் திரட்டிவந்த கங்காணியும் அவருடைய ஆட்களும் வாங்கிய முற்பணம் தோட்டத்துக்குக் கடனாக நின்றது. அந்தக் கடனைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. இன்னொரு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தொழிலாளியின் தலையோடு தோட்டம் தோட்டமாகப் போனது. பேரம் இரு துரைமாருக்கும் கங்காணிக்கும் இடையே நடந்தது. 1921இல் இம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஒதுக்கீட்டு விதியும் துண்டும் ஒரே விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. பிளட் ஆண்டுக்கு 90,000 டொலர் பெற்றவர். தேயிலை மலையில் கொழுந்தெடுத்தவர்களின் வறுமையோடு அதை ஒப்பிடுவது அவர்களுக்கே அவமதிப்பாகும். வேலை நிறுத்தினால் சிறை என்ற அச்சமும் பேஸ்போல் வீரருக்கு இருந்ததில்லை. ஒப்புமை வருமானத்தில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது. இரண்டிலும் உழைப்பவர் இடம் மாறுகிறார், ஆனால் மாற்றத்துக்கான பேச்சு அவர் இல்லாத அறையில் நடக்கிறது. இரண்டிலும் புதிய இடம் பழைய இடத்துக்குப் பணம் தருகிறது, உழைப்பவருக்கு அல்ல. இரண்டிலும் விடுதலை என்று ஆவணம் குறிப்பது கைமாற்றத்தையே.

இந்தக் கட்டமைப்பைக் கண்டுகொண்டால் இன்னொரு செய்தியும் விளங்கும். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், பேர் இருக்கும் வரைதான் தோட்டத்தில் இடம் என்ற நிலைக்கு நிகரான ஒன்றைச் சட்சல் பேஜின் வாழ்விலும் காணலாம். நிற ஒதுக்கல் நீடித்ததால் தன் சிறந்த ஆண்டுகளைக் கறுப்பினத்தவர் லீக்குகளிலேயே கழித்த மாபெரும் பந்துவீச்சாளர் அவர். 1965 செப்டெம்பர் 25ஆம் திகதி, 59ஆவது வயதில், கன்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸ் அணிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசினார். உரிமையாளர் சார்லி பின்லி அதை வேடிக்கையாக்கினார்: பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடத்தில் ஆடும் நாற்காலி போட்டுப் பேஜை உட்காரவைத்து, பக்கத்தில் வெள்ளுடையில் ஒரு தாதியையும் நிறுத்தினார். கிழவர் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸில் ஒரேயொரு அடியை மட்டும் விட்டுக்கொடுத்தார்.

கதை அங்கே முடியவில்லை. பெரிய லீக் ஓய்வூதியம் பெற அவருக்கு இன்னும் சில சேவை நாட்கள் தேவைப்பட்டன. 1968இல் அட்லான்டா பிரேவ்ஸ் அவரை அணியில் சேர்த்து அந்த நாட்களை நிரப்ப உதவியது. ஆக, பேஜின் கடைசி ஒப்பந்தம் ஆட்டத்துக்கோ வெற்றிக்கோ எழுதப்பட்டதன்று. சேவைக் கணக்குக்காக எழுதப்பட்டது. சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் நாள் எண்ணிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

4. தேர்ந்தெடுத்த முடிவுகள்

1975க்குப் பின் கடைசி அணியின் பொருள் மாறுகிறது. 1,406 தளங்களைத் திருடிய சாதனையாளர் ரிக்கி ஹென்டர்சன் பெரிய லீக்கில் கடைசியாக ஆடியது 2003இல், லொஸ் ஏஞ்சல்ஸ் டொஜர்ஸ் அணிக்கு. பெரிய அணிகள் அழைக்காதபோதும் அவர் நிறுத்தவில்லை. 2004இல் நியூவாக் பெயர்ஸ், 2005இல் சன் டியாகோ சர்ப் டோக்ஸ் என்ற சுயாதீன லீக் அணிகளுக்கு ஆடினார். அப்போது வயது 46. அங்கே கிடைத்த சம்பளத்தால் அவருடைய வாழ்வு மாறப்போவதில்லை. ஆட வேண்டும் என்ற விருப்பம்தான் அவரைச் சிறு மைதானங்களுக்குக் கொண்டுபோனது. சர்ப் டோக்ஸ் என்ற வரியைப் பதிவேட்டில் காண்போர் பரிதாபப்படத் தேவையில்லை. தன் முடிவைத் தானே தள்ளிப்போட்ட தொழிலாளியின் உரிமை அங்கே பதிவாகியிருக்கிறது.

ஹங்க் ஆரோன் இந்த இரு காலங்களுக்கும் நடுவில் நிற்கிறார். 1974 முடிவில் அட்லான்டா அவரை மில்வோக்கி புரூவர்ஸ் அணிக்கு மாற்றியது. 1954இல் அவர் பெரிய லீக் ஆட்டத்தைத் தொடங்கியதும் மில்வோக்கியில்தான். 1976 ஜூலை 20ஆம் திகதி அந்நகரிலேயே தன் 755ஆவது, கடைசி ஹோம் ரன்னை அடித்தார். அணி புதிது, ஊர் பழையது. கடைசி அணியை வெறும் பெயராகப் பார்க்காமல் இடமாகவும் பார்க்க வேண்டும் என்பதை இது கற்றுத் தருகிறது.

5. சதாசிவம்: நாடுகள் மூன்று

தமிழர் கிரிக்கெட் வரலாற்றில் கடைசி அணி பற்றிய இந்தக் கேள்விக்கு முதலில் கிடைக்கும் பெயர் மகாதேவன் சதாசிவம் (1915-1977). கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்தின் துடுப்பாட்ட மேதை. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் அடித்த 215 ஓட்டங்கள் இன்றும் பேசப்படுகின்றன. 1948இல் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கி ஆடியபோது இலங்கையின் தலைவராக நின்றவர் அவரே.

1950களில் அவர் சிங்கப்பூருக்கும் பின்னர் மலாயாவுக்கும் போனார். அவ்விரு நாடுகளின் அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராக இருந்த பெருமை என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. இலங்கையில் தொடர முடியாமற்போன சோகம் என்று வருந்துவோரும் உண்டு. இரண்டிலும் ஒரு விடுபடல் இருக்கிறது. சிங்கப்பூரும் மலாயாவும் அவருக்கு அந்நிய வெளிகள் அல்ல. இலங்கைத் தமிழர் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை தேடிப் போய்த் தலைமுறைகளாகக் குடியிருந்த நாடுகள். வேலைக்குப் போனவர்களின் வழித்தடத்திலேயே விளையாட்டு வீரரும் போனார். கிரிக்கெட் ஆவணத்தில் சிறு அணியாகத் தெரிவது, புலம்பெயர்வு ஆவணத்தில் நன்கு பழகிய ஊராகத் தெரிகிறது.

6. முரளிதரன்: காலிக்குப் பிறகு

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னாளில் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினாலும் மகன் கண்டியிலேயே தங்கிக் குண்டசாலையருகே பிஸ்கட் தொழில் நடத்தினார். பேரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, சதாசிவம் ஆடிய அதே தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்து, 1992 ஓகஸ்ட் 28இல் டெஸ்ட் அரங்கில் இறங்கினார்.

காலிப் போட்டி அவரே தெரிந்தெடுத்த முடிவு. 792 விக்கெட்டுகளோடு இருந்தபோதே இதுதான் கடைசி டெஸ்ட் என்று அறிவித்துவிட்டார். எட்டு விக்கெட் எடுக்க முடியாமற்போயிருந்தால் 800 இல்லாமலே போயிருப்பார். முதல் இன்னிங்ஸில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. கடைசி விக்கெட் ஓஜா, பிடியெடுத்தவர் மஹேல ஜயவர்தன. 2011 மார்ச் 29இல் உலகக் கிண்ண அரையிறுதியில், இலங்கை மண்ணில் தன் கடைசி ஒருநாள் போட்டியின் கடைசிப் பந்திலும் ஸ்கொட் ஸ்டைரிஸை வீழ்த்தினார். நாட்டு அணியோடு ஒருவர் முடித்துக்கொள்ள இதைவிட நேர்த்தியான வழி அமையாது.

ஆனால் வீழ்ச்சிக் கதைக்கு இந்தியன் பிரீமியர் லீக் ஏலக் கணக்கு இடம் தரவில்லை. 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அவரை 600,000 டொலருக்கு எடுத்தது. டெஸ்டிலிருந்து விடைபெற்ற பின், 2011 ஏலத்தில் கொச்சி டஸ்கர்ஸ் கேரளா கொடுத்த விலை 1,100,000 டொலர். 2012இல் பெங்களூர் ரோயல் சலஞ்சர்ஸ் கொடுத்தது 220,000. உச்ச விலை ஓய்வுக்குப் பின் வந்தது. அடுத்த ஆண்டே ஐந்திலொன்றானது. ஓராண்டில் ஒருவருடைய தூஸ்ரா அந்த அளவுக்குத் தேய்ந்துவிடாது. மாறியது சந்தை. கொச்சி ஒரு புதிய அணி. ரசிகரைச் சேர்க்க அதற்குப் பெயர்கள் வேண்டியிருந்தன, பிரேவ்ஸுக்கு ரூத் வேண்டியிருந்ததைப் போல. ஒரேயொரு பருவம் ஆடிய அந்த அணியை, வங்கி உத்தரவாதம் செலுத்தவில்லை என்று இந்தியக் கிரிக்கெட் சபை 2011 செப்டெம்பரில் கலைத்தது.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. பெரிய வீரர்களைக் கடைசியில் வாங்குபவை பெரும்பாலும் நிலையற்ற அணிகள். பிரேவ்ஸ் 1953இல் பொஸ்டனை விட்டுப் போனது. டை கொப் விடைபெற்ற அத்லெட்டிக்ஸ் பிலடெல்பியாவை விட்டுப் போனது. செனட்டர்ஸ் வொஷிங்டனை விட்டுப் போனது. கொச்சி அணி மறைந்தே போனது. வீரர் தேய்ந்ததால் சிறிய அணிக்குப் போனார் என்பது பாதி உண்மை. அணி தேய்ந்துகொண்டிருந்ததால், அல்லது இன்னும் முளைக்காததால், அதற்கு அந்த வீரர் தேவைப்பட்டார் என்பது மறுபாதி.

இடம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2013 மார்ச்சில் இலங்கைப் போரின் கொடுமைகளுக்கு நீதி கேட்டுத் தமிழ்நாட்டு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். இலங்கை வீரர்களைச் சென்னையில் ஆடவிடக் கூடாது என்று மாநில அரசு கோரியது. லீக் நிர்வாகமும் அதை ஏற்றது. அந்த மாணவர்களின் வேதனை நியாயமானது. அதன் விளைவாக, தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட தோட்டத் தொழிலாளியின் பேரன், மூன்று பருவங்கள் சென்னைக்கே ஆடியவர், பெங்களூர் சீருடையில் சேப்பாக்கத்தில் இறங்க முடியாமற்போனார் என்பதும் உண்மை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இரு அரசுகளால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட ஒரு சமூகத்துக்கு இது பழகிய நிலை: இங்கே இந்தியர், அங்கே இலங்கையர். நாட்டு அணியில் மறைந்திருந்த, எந்த ஊர்க்காரர் என்ற இந்தக் கேள்வியை அவருடைய பிந்தைய அணி வெளியே கொண்டுவந்தது.

2015 நவம்பரில், சச்சின் டெண்டுல்கரும் ஷேன் வோர்னும் அமைத்த நட்சத்திர அணிகள் அமெரிக்காவில் மூன்று போட்டிகள் ஆடின. டெண்டுல்கரின் அணியில் முரளிதரனும் இருந்தார். நியூயோர்க் சிட்டி பீல்ட், ஹூஸ்டன் மினிட் மெய்ட் பார்க், லொஸ் ஏஞ்சல்ஸ் டொஜர் மைதானம் ஆகிய மூன்றும் பேஸ்போல் மைதானங்கள். வில்லி மேஸின் கடைசி அணிக்கும் ரிக்கி ஹென்டர்சனின் கடைசிப் பெரிய லீக் அணிக்கும் சொந்தமான களங்களில் மலையகத் தமிழர் ஒருவர் ஓய்வுக்குப் பிறகு சுழல் வீசியிருக்கிறார். இரு விளையாட்டுகளிலும் பெயரை விற்கும் சந்தை ஒன்றாகிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

7. எதிர்வாதங்கள்

காலியோடு நிறுத்தியிருந்தால் நினைவு தூய்மையாக இருந்திருக்கும் என்பர் சிலர். நினைவு பார்ப்பவருடைய உடைமை. உழைப்பு வீரருடைய உடைமை. நம் நினைவின் வசதிக்காக இன்னொருவர் சம்பாதிப்பதை நிறுத்த வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை.

சந்தை தந்த சுதந்திரமும் சுதந்திரமா என்ற வாதம் வலுவானது. ஏலத்தில் வீரர் தன் அணியைத் தேர்வதில்லை. விலை கூறுபவரே தேர்கிறார். அந்த வகையில் ஏலத்தில் ஒதுக்கீட்டு விதியின் சாயல் இன்னும் இருக்கிறது. ஆனால் ஏலத்துக்குப் பெயர் கொடுப்பதா வேண்டாமா என்பது வீரரின் முடிவு. விலையும் பழைய கழகத்துக்குப் போகாமல் அவர் கைக்கே வருகிறது. துண்டுக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள முடியாது. பிளட் தன் தொழிலையே கொடுத்துக் கேட்டது அதுதான்.

8. முடிவுரை: நம் பதிவேடு

மலையகத்தில் விளையாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் துரைமார் கழகங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். லிந்துலைக்கு அருகே ரதல்ல மைதானமும் டிக்கோயாப் பக்கம் தரவளை மைதானமும் அந்த வரலாற்றின் சின்னங்கள். தோட்ட மைதானங்களில் மென்பந்து ஆடியவர்களுக்குப் பதிவேடு இல்லை. லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலை எங்கும் இளைஞர்கள் கொழும்புக்கு வேலைக்குப் போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பித் தம் தோட்ட அணிக்கு ஆடுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வருடம் வராமற்போனால் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த முடிவுக்குக் கடை முதலாளி லீவு தராததோ, குடும்பத்தோடு இடம் மாறியதோ, வெளிநாட்டுப் பயணமோ காரணமாக இருக்கலாம். அது எங்கும் எழுதப்படுவதில்லை.

எழுதப்பட வேண்டும் என்பதே இந்த ஆய்வின் முடிபு. தோட்டப் பாடசாலைகளும் இளைஞர் கழகங்களும் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நான்கு விவரங்களைக் குறித்து வைத்தால் போதும்: முதலில் ஆடிய அணி, கடைசியாக ஆடிய அணி, இடம் மாறியதற்குக் காரணம், நிறுத்தியதற்குக் காரணம். ஓட்டங்களையும் விக்கெட்டுகளையும் மட்டும் எண்ணும் பதிவேடு திறமையின் வரலாற்றைத் தரும். இந்த நான்கையும் சேர்த்த பதிவேடு, யார் தன் விருப்பத்தால் நிறுத்தினார், யாரை நிறுத்தினார்கள் என்று பிரித்துக் காட்டும். மலையக உழைப்பின் வரலாற்றை எழுதுவதற்கு நமக்கு வேண்டிய வேறுபாடு அதுவே.